பணம் காய்க்கும் மரம்: லண்டன் நாட்குறிப்பு, ஜூன் 2017

8 ஜூன், வியாழன்

ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து வரும் வழியில் அப்படியே ஓட்டுச்சாவடிக்குள் நுழைந்துவிட்டேன். ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஆரம்பப் பள்ளிதான் சாவடி. காலை 7 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணி வரை போடலாம். கெடுபிடி எதுவும் இல்லை. பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னேன். அந்த அம்மா பட்டியலில் ஸ்கேலை வைத்து என் பெயர்மேல் கோடு போட்டுவிட்டுச் சீட்டைக் கொடுத்தார். அடையாள அட்டை கூடக் கேட்கவில்லை. நான் பழக்க தோஷத்தில் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிவிட்டேன். அவர் விரலைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "அடிபட்டுவிட்டதா?" என்று கேட்டார். மை வைக்கிற கதையை அந்தத் தூக்கக் கலக்கத்தில் எங்கே விளக்குவது? "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மறைப்புக்குள் போனேன். உள்ளே நூலில் கட்டிய ஒரு பென்சில். ஒரு நாட்டின் அரசாங்கத்தையே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு முடிவு செய்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். "மக்களே, நீ நம்ம பாஸ்போர்ட்டுதான வச்சிருக்க? ஒனக்கு எப்பிடி அங்க ஓட்டு?" நாகர்கோவிலில் யாருக்குமே இது நம்ப முடியாத விஷயம். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே சட்டப்படி குடியிருந்து, பட்டியலில் பெயரும் பதிந்திருந்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். என்னோடு வேலை பார்க்கும் போர்ச்சுகல்காரிக்கு இந்த ஓட்டு இல்லை. எனக்கு உண்டு.

யாருக்குப் போட்டேன் என்று எழுதப்போவதில்லை. ஈஸ்ட் ஹாமில் எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான். லேபர் கட்சி இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும்.

இரவு 10 மணி. பிக் பென் அடித்ததும் டிவியில் எக்ஸிட் போல் வந்தது: டோரி, அதாவது ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி, 314. என் வீட்டுக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். பெரும்பான்மைக்கு வேண்டியது 326.

9 ஜூன், வெள்ளி

விடிய விடிய முழித்திருந்தோம். நைட் டூட்டிக்குப் பழகிய உடம்பு, எனக்குக் கஷ்டமில்லை. இவர்தான் மூன்று மணிக்குச் சோபாவிலேயே சாய்ந்துவிட்டார்.

பிரதமர் தெரசா மேயின் கட்சிக்குப் போன தேர்தலில் 331 இடம் கிடைத்திருந்தது. 2020 வரை அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். ஏப்ரலில் சில கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளி முன்னிலை தெரிந்தது. பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகும் பேச்சுவார்த்தைக்குப் பெரிய பலத்தோடு போகலாம் என்று தேர்தலை இழுத்துவிட்டார். இப்போது 318. லேபருக்கு 262. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நம் ஊர்ப் பத்திரிகைகள் எழுதுகிற மாதிரி சொன்னால், தொங்கு நாடாளுமன்றம்.

ஓட்டுக் கணக்கில்தான் எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தொகுதியில் வித்தியாசம் கிட்டத்தட்ட 40,000. ஸ்காட்லாந்தில் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியில் வெறும் 2. என் பெருக்கல் குறியும் இவர் பெருக்கல் குறியும் அங்கே விழுந்திருந்தால் ஆட்டமே வேறு. இங்கே அது நிரம்பி வழிகிற குடத்தில் ஊற்றிய ஒரு கரண்டி தண்ணீர்.

மேயின் தொகுதியான மெய்டன்ஹெட்டில் முடிவு அறிவிக்கும் மேடையில் பிரதமரோடு ஒரு ஆள், தலையில் உயரமான கறுப்பு வாளி, கறுப்பு அங்கியோடு நிற்கிறார். பெயர் லார்டு பக்கெட்ஹெட். 249 ஓட்டு வாங்கியிருக்கிறார். யாரும் அவரை இறக்கிவிடவில்லை. வேட்பாளர் என்றால் வேட்பாளர்தான். இந்த ஊரில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

மதியம் அரண்மனைக்குப் போய் ராணியைப் பார்த்துவிட்டு வந்து, தன் அலுவலக வாசலில் நின்று ஆட்சி அமைக்கப்போவதாகச் சொன்னார் மே. இழந்த இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கைகொடுக்கப்போகிறவர்கள் வட அயர்லாந்தின் டியூபி, அதாவது ஜனநாயக ஒன்றியக் கட்சி. அவர்களிடம் இருப்பது 10 இடம்.

கென்சிங்டன் தொகுதி முடிவு மட்டும் இரவுதான் வந்தது. திரும்பத் திரும்ப எண்ணி, எண்ணியவர்கள் களைத்துப்போய் நடுவில் நிறுத்திவிட்டு வந்து, கடைசியில் லேபர் 20 ஓட்டில் ஜெயித்தது. லண்டனின் பணக்காரத் தொகுதி அது. இதுவரை லேபர் அங்கே ஜெயித்ததே இல்லை.

10 ஜூன், சனி

அம்மாவின் முதல் கேள்வி: "அந்தப் பத்துப் பேரையும் எந்த ரிசார்ட்டுல வச்சிருக்காவ?" கூவத்தூர் நடந்து நாலு மாதம்தானே ஆகிறது. இங்கே அப்படியெல்லாம் இல்லை அம்மா, வெளியிலிருந்து ஆதரவு, அவ்வளவுதான் என்றேன். "வெளியில இருந்துன்னா வெல கூடுதல்லா இருக்கும்" என்றார். ஐம்பது வருடமாகத் தினமும் பேப்பர் படிக்கிற மனுஷி.

மேயின் இரண்டு முக்கிய ஆலோசகர்கள், நிக் திமோதியும் ஃபியோனா ஹில்லும், இன்று ராஜினாமா செய்துவிட்டார்கள். இரவு டியூபியோடு உடன்பாடு முடிந்துவிட்டது என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. கொஞ்ச நேரத்தில் முடியவில்லை, பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று ஆனது.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெல்ஃபாஸ்ட்காரர், சின்ன வயதில் கட்டட வேலைக்கு லண்டன் வந்தவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம். ஆனால் காலையும் மாலையும் வீட்டில் வந்து கவனிக்க ஆள் இன்னும் ஏற்பாடாகவில்லை, அதனால் கட்டிலிலேயே கிடக்கிறார். மேயின் தேர்தல் அறிக்கையைக் கவிழ்த்ததே இந்த விவகாரம்தான். வயதானவர்களை வீட்டில் வைத்துக் கவனிக்கும் செலவுக்கு அவர்கள் வீட்டின் மதிப்பையும் கணக்கில் சேர்ப்போம், ஒரு லட்சம் பவுண்டை மட்டும் விட்டுவைப்போம் என்று மே மாதம் 18ஆம் தேதி சொன்னார்கள். 'மறதிநோய் வரி' என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. நாலு நாளில் உச்சவரம்பு வைப்போம் என்று பல்டி அடித்தார்கள்.

பெரியவருக்கு இரவு 2 மணிக்கு பிரஷர் பார்த்தபோது முழித்திருந்தார். வட அயர்லாந்தில் ஷின் ஃபைன் கட்சிக்கு 7 இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் ஒருவரும் நாடாளுமன்றத்துக்குப் போக மாட்டார்கள் என்றார். ராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும், வெஸ்ட்மின்ஸ்டர் தங்களை ஆள்வதையே அவர்கள் ஏற்பதில்லை. ஜெயித்தும் போக மாட்டார்களா என்று கேட்டேன். "போகாமல் இருப்பதற்குத்தான் ஜெயிக்கிறார்கள்" என்றார். அந்த 7 பேரைக் கழித்தால் 322 இருந்தாலே போதும். நான் போட்ட கணக்கு இல்லை. கண்ணாடி கூடப் போடாமல் படுத்துக்கொண்டே அவர் போட்டது.

12 ஜூன், திங்கள்

அரசாங்கத்தின் திட்டங்களை நாடாளுமன்றத்தில் ராணி வாசிக்கும் ராணி உரை 19ஆம் தேதி என்று அறிவித்திருந்தார்கள். இப்போது தள்ளிப்போகலாமாம். செய்தியில் சொன்ன காரணம்: ராணி வாசிக்கும் உரையை ஆட்டுத்தோல் காகிதத்தில் எழுத வேண்டும், மை காய சில நாள் ஆகும். நிஜ ஆட்டுத்தோல் இல்லையாம், பல நூறு வருடம் கெடாத தடிமனான காகிதமாம். இவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார். மை காயாததா பிரச்சினை? எதை எழுதுவது என்பதே பேரத்தில் இருக்கிறது.

இன்று கட்சி எம்.பி.க்களிடம் மே பேசியிருக்கிறார். இந்தச் சிக்கலில் மாட்டிவிட்டது நான், மீட்பதும் நானே என்கிற தொனியில். மேசையைத் தட்டி ஆதரவு தெரிவித்தார்களாம். முந்தாநாள் வரை அவர் நாற்காலிக்கு ஆள் தேடியவர்களும் தட்டியிருப்பார்கள்.

14 ஜூன், புதன்

இரவு டூட்டி. 3 மணி வாக்கில் பிரேக் ரூமுக்குப் போனால் டிவி முன்னால் நாலைந்து பேர் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நார்த் கென்சிங்டனில் 24 மாடிக் குடியிருப்பு, அடியிலிருந்து உச்சிவரை எரிகிறது. கிரென்ஃபெல் டவர். மேல்மாடி ஜன்னல்களில் மொபைல் வெளிச்சம் தெரிந்தது. யாரும் பேசவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி கிழக்கில் இருக்கிறது, யாரையும் இங்கே கொண்டுவரவில்லை.

20 ஓட்டில் முடிவான அதே தொகுதி.

19 ஜூன், திங்கள்

பிரஸ்ஸல்ஸில் பிரெக்சிட் பேச்சு தொடங்கிவிட்டது. பெரிய பலத்தோடு போகத்தான் தேர்தலே வைத்தார்கள்.

21 ஜூன், புதன்

ஹீத்ரோவில் 34.5 டிகிரி. 1976க்குப் பிறகு ஜூனில் இப்படி அடித்ததில்லை என்கிறார்கள். வார்டில் ஏசி கிடையாது. டேபிள் ஃபேன்களை இடம் மாற்றி மாற்றி வைப்பதே பாதி வேலையாகப் போயிற்று.

கடைசியில் ராணி உரை. குதிரை வண்டி இல்லை, காரில் வந்தார். கிரீடம் தலையில் இல்லை, அது தனியாக இன்னொரு காரில் வந்தது. நீலத் தொப்பியில் மஞ்சள் பூக்கள், பார்த்தால் ஐரோப்பிய யூனியன் கொடி மாதிரியே இருந்தது. வேண்டுமென்றே செய்ததா என்று வார்டில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. உரையில் முதியோர் கவனிப்பு விஷயத்தைக் கலந்தாலோசனை என்று ஓரங்கட்டிவிட்டார்கள். தேர்தல் அறிக்கையில் இருந்த நரி வேட்டை ஓட்டெடுப்பு, நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல் எல்லாம் காணோம். உரை முடிந்ததும் ராணி அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விட்டார்.

26 ஜூன், திங்கள்

அம்மா சொன்ன விலை இன்று தெரிந்தது. 100 கோடி பவுண்டு, இரண்டு வருடத்துக்கு, வட அயர்லாந்தின் ஆஸ்பத்திரிக்கும் சாலைக்கும் பிராட்பேண்டுக்கும். பத்து எம்.பி.க்கு வகுத்தால் தலைக்கு 10 கோடி. கையெழுத்துப் போட்டவர்கள் இரு கட்சிக் கொறடாக்கள். மேயும் டியூபி தலைவர் ஆர்லீன் ஃபாஸ்டரும் பின்னால் நின்று பார்த்தார்கள். வேல்ஸ் முதலமைச்சர் கார்வின் ஜோன்ஸ் இதை லஞ்சம் என்ற அர்த்தத்திலேயே திட்டினார்.

இந்த மாதம் 2ஆம் தேதி டிவி கேள்வி-பதில் நிகழ்ச்சியில் ஒரு நர்ஸ் எழுந்து, 2009 சம்பளச் சீட்டில் இருந்ததைத்தான் இன்றும் வாங்குகிறேன் என்றார். உலுக்கினால் பணம் கொட்டுகிற மந்திர மரம் எதுவும் இல்லை என்று மே பதில் சொன்னார். என் அப்பா ஸ்கூல் ஃபீஸ் கேட்டால் சொல்வாரே, "பணம் என்ன மரத்துலயா காய்க்கு?" அதேதான். அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது, எங்கள் வீட்டில் நிஜமாகவே மரம் இல்லை.

எங்களுக்கு முதலில் சம்பளமே ஏறாமல் நின்றது, அப்புறம் வருடத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. அந்தக் கடுப்போடு பெரியவரிடம் போய்ப் பேசினேன். (அவர் இன்னும் அதே கட்டிலில்தான்.) அவர் டியூபிக்கு ஜென்ம விரோதி. கூட நாலு திட்டுத் திட்டுவார் என்று பார்த்தேன். மெதுவாகச் சொன்னார்: "என் அக்கா அங்கே கண் ஆபரேஷனுக்கு வருடக்கணக்காகக் காத்திருக்கிறாள். வரட்டுமே." அதோடு, குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் கைவைக்கக் கூடாது என்றும் டியூபி கேட்டு வாங்கியிருக்கிறது. அது நாடு முழுக்க, அவருக்கும் சேர்த்து. எனக்குப் பதில் வரவில்லை. டிரிப்ஸை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு நகர்ந்தேன்.

28 ஜூன், புதன்

பொதுத்துறைச் சம்பள உச்சவரம்பை எடுக்க வேண்டும் என்று ராணி உரைக்கு லேபர் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மாலை டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் ஓட்டெடுப்பு. பஸ்ஸில் போனில் பார்த்தேன். ஆதரவு 309, எதிர்ப்பு 323. திருத்தம் விழுந்ததும் அரசாங்கப் பக்க பெஞ்சுகளில் ஆரவாரம். இந்த மாதம் முழுக்க அவசர சேவை ஊழியர்களைப் பாராட்டிப் பேசிய அதே அவை. தோற்றதை ஒத்துக்கொள்கிறேன், அந்த ஆரவாரம்தான் ஆறவில்லை.

டூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் பெரியவரின் பெயர் இல்லை. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம், ஆள் கிடைத்துவிட்டது. அவர் கட்டிலில் வேறொருவர்.

நோயாளி விவரம் குறித்த தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 323இல் 10 போனால் 313. 309ஓடு 10 சேர்ந்தால் 319. அந்தப் பத்துப் பேர் இந்தப் பக்கம் கை தூக்கியிருந்தால் போதும். இரண்டு தடவை போட்டும் அதே விடைதான். காலையில் கிளம்பும்போது வழக்கம்போல அந்தத் தாளை ரகசியக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். முன்பக்கம் ஆறு நோயாளிகளின் பெயர் இருக்கிறது.