தோண்டிப் பார்க்கும் தோட்டம்

ஜூன் 2

பீன்ஸ் விதைத்தோம். ஆளுக்கு ஆறு விதை என்று எண்ணித்தான் கையில் கொடுத்தேன். பெரியவளுக்கு ஆறு வயது. கயிறு கட்டியது போல் நேராக ஆறு குழி போட்டு முடித்தாள். சின்னவனுக்கு மூன்று வயது. அவன் பக்கம் மூன்று குழிதான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டால், "தூங்குது" என்றான். முதல் வேலையாக மூக்கைப் பார்த்தேன். விதை மூக்குக்குள் போனால் ஈரத்தில் ஊறி உப்பிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. மூக்கு சுத்தம், காதும் சுத்தம். சரி, மண்ணில் எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 4

காலையிலேயே இரண்டு விதைகள் வெளியே கிடந்தன. "வளந்துச்சான்னு பாத்தேன்மா." நேற்றும் பார்த்திருக்கிறான். நாளையும் பார்ப்பான். திட்டிப் பயனில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் ஈரக் காகிதத்தைச் சுருட்டி வைத்து, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விதையைச் செருகி ஜன்னலோரம் வைத்தேன். "இது உன்னோடது. எவ்வளவு வேணும்னாலும் பாரு, தோண்டாதே." பாட்டிலுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பான். என்னைப் பொறுத்தவரை அதுவே சாதனை.

ஜூன் 5

காணாமல் போன மூன்று விதைகளும் கிடைத்தன. வாஷிங் மெஷினில். அவனுடைய டிரவுசர் பையில் ஊறி, இரண்டு மடங்காக உப்பி, சோப்பு வாசனையோடு. அதையும் நட்டே ஆக வேண்டும் என்றான். நட்டோம்.

ஜூன் 9

முளைத்துவிட்டன! இந்த ஆச்சரியக்குறி காலை ஏழு மணிக்குப் போட்டது. ஏழரைக்கு அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது.

பீன்ஸ் முளைக்கும்போது தண்டு கொக்கி போல வளைந்து விதையையே மேலே தூக்கிக்கொண்டு வரும். அந்த இரண்டு பருப்பும்தான் இளஞ்செடிக்குச் சாப்பாடு. இது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவன் கண்ணுக்கு, நாம் சிரமப்பட்டுப் புதைத்த விதை வெளியே வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே அனுப்பிவிட்டு, "அம்மா, எல்லாம் வெளிய வந்துடுச்சு, நான் உள்ள போட்டுட்டேன்" என்று மண் கையோடு வந்து நின்றான். இவ்வளவு பொறுப்பான பிள்ளையை எப்படித் திட்டுவது? நான்கு செடிகளுக்குக் கழுத்து முறிந்தது. பெரியவள் தன் வரிசையைச் சுற்றிச் செருப்புகளை அடுக்கி வேலி போட்டாள்.

ஜூன் 14

மழை. சின்னவன் குடை பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினான். மழையில் எதற்கு என்றேன். "அது மழை ஊத்துறது, இது நான் ஊத்துறது."

ஜூன் 20

தொட்டி எலுமிச்சையின் இலையில் பறவை எச்சம். பெரியவளுக்கு அசுத்தம் ஆகாது. ஈரத்துணியோடு போனவள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்: "எச்சம் நாக்கை நீட்டுதும்மா!"

போய்ப் பார்த்தால் புழு. எலுமிச்சையில் முட்டையிடும் ஒருவகைப் பட்டாம்பூச்சியின் புழு, சிறுசாக இருக்கும்வரை பழுப்பும் வெள்ளையுமாக அச்சு அசலாக எச்சம் போலவே இருக்கும். எந்தப் பறவை எச்சத்தைத் தின்னப்போகிறது? சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த செம்மஞ்சள் கொம்பு ஒன்றை நீட்டும், ஒரு நாற்றமும் வரும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சின்னவன் அதை இன்னொரு தடவை சீண்டி, பதிலுக்குத் தானும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் இருவரும் போட்டி. புழுதான் முதலில் சலித்துப்போனது.

ஜூன் 26

புழு பச்சையாக மாறிவிட்டது. எலுமிச்சையில் பாதி இலை இல்லை. வழக்கமாக நான் புழுவைக் கண்டால் பொறுக்கி எறிகிற ஆள். இந்த முறை தொட்டியில் ஒரு அட்டை செருகியிருந்தது: "சாப்பிடுது. தொந்தறவு செய்யாதீங்க." எழுத்துப் பிழையைத் திருத்த மனம் வரவில்லை.

ஜூலை 2

குச்சியில் கூட்டுப்புழுவாகத் தொங்குகிறது. இடுப்பில் ஒரு நூல் கட்டி, சாய்ந்த வாக்கில். வீட்டில் யாரும் அந்தப் பக்கம் சத்தமாகப் பேசக்கூடாதாம்.

ஜூலை 8

பீன்ஸில் முதல் பூ. சின்னவன்தான் பார்த்தான், பறித்துக் கொண்டுவந்து என் காதில் செருகினான். ஒரு பூ போனால் ஒரு காய் போச்சு என்று வாய்வரை வந்தது. அன்று முழுக்க அந்தப் பூவோடே நடமாடினேன்.

மெஷினில் குளித்த மூன்றில் ஒன்று பிழைத்து, இன்று தோட்டத்திலேயே உயரமானது அதுதான். பெரியவளுக்கு அதில் வருத்தம்.

ஜூலை 12

காலையில் பெரியவள் அழுதுகொண்டு வந்தாள். கூட்டையே காணோம், வெறும் குச்சி மட்டும் நிற்கிறது. யாரோ தின்றுவிட்டார்கள் என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சொல்லவில்லை.

ராத்திரி துணி போடும்போது பைகளைத் துழாவினேன், ஜூன் 5க்குப் பிறகு வந்த பழக்கம். இரண்டு கூழாங்கல், நத்தை ஓடு ஒன்று, அப்புறம் அடியில், முதுகு பிளந்த காலிக் கூடு. சின்னவனை எழுப்பிக் கேட்டேன். காலையில் பட்டாம்பூச்சி ஈரச் சிறகோடு குச்சியில் உட்கார்ந்திருந்ததாம், அப்புறம் பறந்துபோனதாம். எங்களை ஏன் கூப்பிடவில்லை?

"நீங்கதானே சத்தம் போடக்கூடாதுன்னீங்க."

சரி, கூட்டை ஏன் எடுத்தாய்?

"அதோட சட்டைம்மா. குளிர்ந்தா திரும்பி வந்து கேக்கும்ல" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.