பிஷப் எச்3: இன்ஜின் கண்டுபிடித்ததா, ஞாபகம் வைத்திருந்ததா?

1998 லினாரெஸ் சதுரங்கப் போட்டி, டோபலோவ்–ஷிரோவ் ஆட்டம், கறுப்பின் (ஷிரோவின்) 47-வது நகர்த்தல். ஷிரோவ் அங்கே ஆடிய நகர்த்தலைத் தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க, ஒரு வாரமாக ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க இன்ஜினுக்கு (நகர்த்தல்களைத் தேடிச் சொல்லும் நிரல்) இந்த ஒரு நிலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் கூடுதல்தான். ஆனால் பிஷப்கள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடுபவை. இப்படிப்பட்ட ஆட்டங்கள் டிராவில் முடிவதே வழக்கம். ஷிரோவ் தன் பிஷப்பை எச்3 கட்டத்தில் வைத்துச் சும்மா கொடுத்தார்.

முதல் நாள் நன்றாக ஏமாந்தேன். ஆட்டத்தை முன்னே ஓட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்து இன்ஜினைத் தட்டினேன். பிஷப் எச்3 உடனே அதன் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன் (யாரும் அசரவில்லை). அப்புறம்தான் உறைத்தது: முன்னே போனபோது பார்த்ததையெல்லாம் அது ஹாஷ் நினைவகத்தில் (ஏற்கெனவே அலசிய நிலைகளைச் சேமிக்கும் இடம்) வைத்திருந்தது. விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை!

ஹாஷைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். நான்கு திரெட்டில் (ஒரே சமயத்தில் நடக்கும் தேடல்கள்) எச்3-ஐக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒவ்வொரு நேரம் வந்தது. சரி, ஒரே திரெட் போதும் என்று மாற்றினேன். மெதுவானாலும், எத்தனை முறை ஓட்டினாலும் அதே ஆழத்தில் (எத்தனை நகர்த்தல் முன்னே பார்க்கிறது என்ற கணக்கு) அதே பதில். எச்3 ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்தடுத்த ஆழங்களிலும் நின்றால்தான் கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்கிறேன்.

அதுவும் போதாது, காரணம் தெரிந்து ஆடுகிறதா என்று அது காட்டும் நகர்த்தல் வரிசையையும் படிக்க வேண்டும். வெள்ளை அந்த பிஷப்பை அடித்தால், கறுப்பு ராஜா எஃப்5, பிறகு இ4. வெள்ளை ராஜாவை முந்திக்கொண்டு அங்கே போய் நிற்கத்தான் இத்தனையும். அடிக்காமல் வெள்ளை தன் ராஜாவை எஃப்2-க்கும் எஃப்3-க்கும் கொண்டுவந்தால் பிஷப் ஜி2 சிப்பாயை அடித்துத் தன்னையே கொடுக்கும். கறுப்பு ராஜா மறுபடி இ4. இந்த இ4 வரிசையில் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை.

டேபிள்பேஸை (குறைந்த காய்கள் உள்ள நிலைகளுக்கெல்லாம் சரியான முடிவைச் சேமித்த அட்டவணை) கேட்டுவிடலாமே என்று தோன்றும். 53-வது நகர்த்தலோடு டோபலோவ் கைவிட்டபோதும் பலகையில் 8 காய்கள். சிசிஜி (Syzygy) என்ற அப்படிப்பட்ட அட்டவணை முழுமையாக இருப்பது 7 காய்கள் வரைதான்.

இன்னும் ஒன்று பாக்கி. எச்3-ஐ விலக்கிவிட்டு, மற்ற நகர்த்தல்களை மட்டும் அதே நேரம் தேடச் சொல்ல வேண்டும். வேறொன்றும் ஜெயித்தால் இந்த நிலையே சோதனைக்கு உதவாது. இன்றிரவு அதை ஓடவிட்டுத் தூங்கப்போகிறேன். மின்விசிறியைத் திருப்பி மடிக்கணினி பக்கம் வைத்தாயிற்று.