பாலாப்பழம் தின்னும் கரடியைப் பார்க்க

கோடியக்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பாலாப்பழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேப்பம்பழம் போல மஞ்சளாக, சின்னதாக இருக்கும். சப்போட்டாவுக்குச் சொந்தக்காரப் பழம். அந்த இனிப்போடு பிசினும் சேர்ந்து வரும். நாலைந்து தின்றதுமே உதடு ஒட்டிக்கொள்ளும். அப்பாயி தேங்காயெண்ணெயைத் தொட்டு என் வாயைத் துடைத்துவிட்டது இன்னும் நினைவிருக்கிறது. காட்டுக்குள் போய்ப் பொறுக்கி வருபவர்கள் வேதாரண்யத்தில் கூறுகட்டி விற்பார்கள். கோடை விடுமுறை என்றாலே எனக்கு அந்த வாசனைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேதாரண்யம் கோயிலுக்கு வந்திருந்த இலங்கை வவுனியாக்காரர் ஒருவர் அந்தக் கூறைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது எங்கட பாலைப்பழமல்லோ! இந்தக் காலத்தில எங்கட காட்டுக்குள்ள தனியப் போக ஏலாது தங்கச்சி. மரத்தில கரடி நிக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கரடி என் மனத்தை விட்டுப் போகவில்லை. நம் கோடியக்கரை சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காக ஏற்பட்டது. மான் இருக்கிறது, நரி இருக்கிறது, குரங்கு இருக்கிறது, பூநாரை வருகிறது. கரடி மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் கரடி பார்க்க வேண்டுமானால் முதுமலைக்கோ சத்தியமங்கலத்துக்கோ மலையேறலாம். ஆனால் நான் பார்க்க நினைப்பது வேறு. நம் காட்டைப் போலவே கடலோரத்துச் சமவெளியில், மணற்பாங்கான தரையில் நிற்கும் பாலை மரத்தில், அதே பழத்துக்காக ஏறும் கரடி. அதற்குக் கடல் தாண்டி இலங்கையின் வில்பத்துக் காட்டுக்குப் போக வேண்டும்.

பழைய பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது நமக்கும் இலங்கைக்கும் நடுவில் தண்ணீரே இல்லை. பாக் நீரிணை அவ்வளவு ஆழம் குறைந்தது. மரமும் விலங்கும் நடந்தே இங்குமங்கும் போயிருக்கின்றன. பிறகு கடல் ஏறி வழியை அடைத்துவிட்டது. அந்தக் கரையில் தங்கிப்போன கரடி நம்முடையதைவிடக் கொஞ்சம் சின்னது, முடியும் குட்டை. இலங்கைக் காட்டில் இன்று புலி கிடையாது. அதனால் அங்கே சிறுத்தைதான் ராஜா. இலங்கைக் காட்டுக்கோழி அந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. கோடியக்கரையின் ராமர் பாதம் மேட்டில் நின்று தெற்கே கடலைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஞாபகம்தான் வரும்.

சரி, கிளம்புவது என்று முடிவு செய்தேன். தனியாகத்தான். கூட ஆள் வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் காடு ஒளிந்துகொள்ளும். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் பயம். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனால் எனக்கு நாகப்பட்டினத்துக் கப்பல்தான் வேண்டும். 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, சீக்கிரமே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய நாலு மணி நேரம். வீட்டிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகவே அவ்வளவு நேரம் ஆகும்! கரடியின் மூதாதை நடந்து போன தூரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றும் ஓர் ஆசை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் இருக்காது. மற்ற மாதங்களிலும் வாரத்தில் எந்தெந்த நாள் என்பது மாறும். அதைப் பார்த்துக்கொண்டுதான் விடுப்பு சொல்ல வேண்டும்.

காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம், அங்கிருந்து அனுராதபுரம். அனுராதபுரத்திலிருந்து புத்தளம் சாலையில் போனால் வில்பத்துக்கு நுழைவாயில். 1,300 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இலங்கையிலேயே பெரிய தேசியப் பூங்கா. போரினால் 1988-இல் மூடி, 2003-இல் திறந்து, மறுபடி மூடி, 2010-இல் திறந்தார்கள். காட்டுக்குள் வில்லு என்று சொல்லும் நீர்நிலைகள் ஏராளம். யாரும் வெட்டியதல்ல, கரை கட்டியதல்ல. மழைத் தண்ணீர் தானாகத் தேங்கி நிற்கும் பள்ளங்கள். ஏரி, வாய்க்கால், மதகு என்று மனிதன் கட்டிய நீரிலேயே வாழும் எங்களுக்கு அது ஓர் அதிசயம்தான்.

யால பூங்காவில் சிறுத்தை எளிதாகக் கண்ணில் படும் என்கிறார்கள். ஜீப் கூட்டமும் அங்கேதான் அதிகம். மின்னேரியாவில் குளம் வற்ற வற்ற யானைகள் புல்லுக்கு வந்து கூடும். அதற்கு ஆகஸ்ட், செப்டம்பர் ஆக வேண்டும். ஐந்து நாளில் மூன்று காட்டைத் தொட்டு ஓடுவதைவிட ஒரே காட்டில் இரண்டு முழு நாள் இருப்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. அரை நாள் போய் வருவதும் உண்டு. கரடிக்கு அது போதாது.

தனியாகப் போவதில் ஒரே சிரமம் ஜீப். ஆள் கணக்கில்லை, வண்டிக்குத்தான் வாடகை. ஒருவர் போனாலும் அதே தொகை. ஒரு நாள் தங்கும் விடுதியில் கேட்டு வேறு யாருடனாவது பகிர்ந்துகொள்வேன், ஒரு நாள் முழு வண்டியும் எனக்கே. பகிரும் நாளில் மற்றவர்கள் சிறுத்தை சிறுத்தை என்று பறப்பார்கள், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நுழைவுக் கட்டணம் நம்மைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பயண அனுமதியை இணையத்திலேயே விண்ணப்பித்துவிடலாம். அப்புறம் 8x42 பைனாகுலர், மங்கிய நிறத்தில் இரண்டு சட்டை, அவ்வளவுதான் மூட்டை.

தேதிதான் ரொம்ப நாள் இழுத்தது. பாலை அங்கே மே முதல் ஜூலை வரை பழுக்கும். நடுவில் ஜூன்தான் நல்ல காலம். எனக்கு ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும் என்றாலும், அதற்குள் வாய்க்கால் தூர்வாருவது, விதைநெல் என்று அப்பாவுக்குக் கை வேண்டும். ஆக, மே கடைசி வாரம். பழம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். மேல் கிளையில் நாலு பழுத்திருந்தாலும் போதும், கரடி மோப்பம் பிடித்து வந்துவிடும்.

இந்தக் கரையில் பழுத்தால் அந்தக் கரையிலும் பழுத்திருக்கும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கோடியக்கரைச் சாலையோரப் பாலை மரங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போன வாரம் எல்லாம் பச்சைக் காய். ஒரே ஒரு மரத்தில், கடல் பார்த்த பக்கத்தில், லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.