லாரி விபத்தில் கால் உடைந்தால்: விக்காவா, வழக்கா?

சிங்கப்பூரில் கம்பெனி லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிற நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். 2023-இல் தீவு விரைவுச்சாலையில் எங்கள் லாரியின் பின்னால் வந்த டிப்பர் ஒன்று எங்களை இடித்தது. முன்னால் வண்டிகள் தேங்கி நின்றதால் எங்கள் டிரைவர் வேகத்தைக் குறைத்தார், டிப்பர்காரர் குறைக்கவில்லை, அவ்வளவுதான். என் வலது முட்டிக்குக் கொஞ்சம் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். விபத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், முழுசாகத் தெரிந்து சொன்னவர் யாருமில்லை.

நமக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று விக்கா, அதாவது வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். இப்போது நடைமுறையில் இருப்பது 2019-இல் நிறைவேறி 2020 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. இதில் யார் மேல் தப்பு என்று பார்ப்பதே இல்லை. வேலை செய்யும்போதோ, கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போது வரும்போதோ அடிபட்டால் போதும், கம்பெனியின் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும். இன்னொன்று சிவில் வழக்கு. இடித்த வண்டிக்காரர் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்டி, அவரிடமும் அவருடைய முதலாளியிடமும் நஷ்டஈடு கேட்பது. பணம் பெரும்பாலும் அந்த வண்டியின் இன்சூரன்ஸிலிருந்து வரும். விக்காவில் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்குக்கு மேல் கிடைக்காது. வழக்கில் வலி, வேதனை, இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போவது, பின்னால் வரப்போகும் மருத்துவச் செலவு எல்லாம் கேட்கலாம், ஆனால் நிரூபிக்க வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது.

நம்ம ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். "ஏதாவது ஒன்றை உடனே முடிவு பண்ணு" என்று முதல் வாரத்திலேயே நாலு பேர் நெருக்குவார்கள். உடனே முடிவு பண்ண வேண்டியதில்லை. விக்காவில் மனு செய்ய விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் இருக்கிறது, சிவில் வழக்குக்கு மூன்று வருடம். விக்காவில் பதிவு செய்துவிட்டு, சிகிச்சையும் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) சம்பளமும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால் எந்த அளவுக்குத் தேறும் என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். விக்கா தொகை முடிவாகிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

எம்.சி. சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அதிகம் போராடியது இதற்குத்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களும், டிஸ்சார்ஜ் ஆனபின் ஆஸ்பத்திரி விடுப்பு என்று எழுதிக் கொடுத்த நாட்களும் சேர்த்து 60 நாள் வரை முழுச் சம்பளம். சாதாரண எம்.சி. என்றால் 14 நாள் வரை முழுச் சம்பளம். அதற்கு மேல் போனால் மூன்றில் இரண்டு பங்கு, விபத்திலிருந்து ஒரு வருடம் வரை. வழக்கமான சம்பள நாளிலேயே இது வர வேண்டும். இங்கே முழுச் சம்பளம் என்றால் பேசிக் இல்லை. விபத்துக்கு முந்தைய 12 மாதத்தில் ஓ.டி.யும் சேர்த்து வாங்கிய சம்பளத்தின் மாதச் சராசரி. என் பே ஸ்லிப்பில் பேசிக் 620 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓ.டி. சேர்த்தால் சராசரி 1,150 வெள்ளி. கம்பெனி முதல் மாதம் பேசிக் கணக்கில்தான் கொடுத்தது. நான் பழைய பே ஸ்லிப் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், பேங்கில் ஏறிய தொகையும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, மனிதவள அமைச்சு அலுவலகத்துக்கும் தகவல் போன பிறகு, மீதியைக் கொடுத்தார்கள்.

இது எம்.சி. சம்பளத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. நிரந்தர ஊனத்துக்கு விக்கா கொடுக்கும் தொகையும் இதே சராசரியை வைத்துத்தான். வயது 40-க்குள் இருந்தால் மாதச் சராசரியை 181-ஆல் பெருக்கி, டாக்டர் கொடுக்கிற சதவீதத்தால் மறுபடி பெருக்க வேண்டும். வயது கூடக்கூட 181 குறைந்துகொண்டே வரும். எனக்கு 34 வயது, டாக்டர் போட்டது 12 சதவீதம். 1,150 என்று வைத்தால் 24,978 வெள்ளி. பேசிக் 620-ஐ மட்டும் வைத்திருந்தால் 13,466 வெள்ளிதான். பதினோராயிரத்துக்கு மேல் வித்தியாசம், ஊரில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிடலாம். அதனால் அமைச்சுக்குப் போகிற கணக்கில் எந்தச் சம்பளம் எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

விபத்து நடந்ததைக் கம்பெனி அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், லைட் டியூட்டி என்று எழுதினாலும் இது உண்டு, கம்பெனிக்கு 10 நாள் அவகாசம். தெரிவிக்காவிட்டால் நாமே அமைச்சிடம் சொல்லலாம், பெண்டமியர் ரோட்டில் சேவை நிலையம் இருக்கிறது. எனக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை, ஆம்புலன்ஸும் போலீஸும் வந்த விபத்தை யாரும் மறைக்க முடியாது. ஆனால் அதே லாரியில் இருந்த ஊர்த் தம்பி ஒருவனுக்குத் தோள்பட்டையில் அடி. அவனைக் கம்பெனி ஆள் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். தூக்கினால் உயிர் போகிற கைக்கு லைட் டியூட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள், மறுநாளே சைட்டில் பெருக்கச் சொன்னார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் நேராக அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், லாரி விபத்து என்று தெளிவாகச் சொல்லி, எக்ஸ்ரே எடுத்து, முறையான எம்.சி. வாங்கினான். டாக்டரிடம் "வேலைக்குப் போகும்போது, கம்பெனி வண்டியில்" என்ற வார்த்தைகளைச் சொல்லிவிட வேண்டும், அது மெடிக்கல் ரிப்போர்ட்டில் ஏறும்.

போக்குவரத்துக் காவல்துறையிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன், ஏற்பாடு செய்தார்கள். எழுதி முடித்ததும் திரும்பப் படித்துக்காட்டச் சொன்னேன். நான் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னதை அதில் சரியாக எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது: எதிர்த் தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் கேட்டதே, நின்றுகொண்டு வந்தாயா, தடுப்புக்கு மேல் உட்கார்ந்திருந்தாயா என்பதுதான். நம்ம பக்கம் கவனக்குறைவு இருந்தது என்று காட்டினால் அந்தச் சதவீதத்தை நஷ்டஈட்டில் கழித்துவிடுவார்கள். பின்னால் உட்கார்கிற நமக்கு சீட் பெல்ட்டே கிடையாது, எங்களைக் குறை சொல்ல வேறு என்ன இருந்தது?

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். டார்முக்கு, அதாவது நாங்கள் தங்கும் தொழிலாளர் விடுதிக்கு, ஒருவர் வந்தார். "கையில் இருந்து ஒரு காசு வேண்டாம், வருவதில் 25 சதவீதம் கொடுத்தால் போதும், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றார். நான் போடவில்லை. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட காய வழக்குக்கு வக்கீல் நஷ்டஈட்டில் பங்கு கேட்கக் கூடாது, சட்டம் அனுமதிப்பதில்லை. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. அப்படி வருகிறவரை அனுப்பிவிடுங்கள், பேச்சே வேண்டாம். சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான், வொர்க் பெர்மிட்காரர்களுக்கு இல்லை. நமக்கு இருப்பது வெளிநாட்டு ஊழியர் நிலையம், டி.டபிள்யூ.சி.2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவுகிற அமைப்புகள். லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 வேலையில்லாமல் இருக்கிற தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறது. நான் முதலில் போனது சாப்பாட்டுக்குத்தான், பொய் சொல்வானேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கையிலோ காலிலோ கட்டோடு இருந்தார்கள், எந்தக் கேள்விக்கும் அங்கே யாராவது ஒருவர் அனுபவித்த பதில் வைத்திருந்தார்.

பிறகு நானே ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் கையெழுத்துக் கேட்ட தாளின் பெயர் வாரண்ட் டு ஆக்ட், அவரை என் வக்கீலாக வைக்கிறேன் என்கிற பத்திரம். அதற்கு முன்னால் நான் கேட்டவை: உங்கள் கட்டணம் எப்படிக் கணக்காகும், ஜெயித்தால் எதிர்த் தரப்பு எவ்வளவு செலவு கொடுக்கும், மீதி என்னிடமிருந்து எவ்வளவு, மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கும் கோர்ட்டுக்கும் யார் முதலில் கட்டுவது, தோற்றால் என்ன ஆகும். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னேன், தந்தார். எழுதித் தர முகம் சுளிக்கிறவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள்.

நிரந்தர ஊனம் எவ்வளவு என்று பார்க்கக் காயம் ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் முட்டியின் பக்கவாட்டில் இரண்டு கை உள்ள பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து, மடக்கு, நீட்டு என்று சொல்லி எத்தனை டிகிரி வருகிறது என்று எழுதினார், தொடையின் சுற்றளவை டேப்பால் அளந்தார். வலது தொடை இளைத்திருந்தது. மூட்டுத் தேய்மானம் சீக்கிரமே வரலாம், பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்றும் ரிப்போர்ட்டில் எழுதினார். என் முடிவை மாற்றியது அந்த இரண்டு வரிதான். விக்காவில் மருத்துவச் செலவுக்கு ஒரு வருடம் அல்லது 45,000 வெள்ளி, எது முந்துகிறதோ அதுவரைதான். 2025 நவம்பர் 1-இலிருந்து நடக்கும் விபத்துக்கு அது 53,000. ஐந்து வருடம் கழித்து வருகிற ஆபரேஷனுக்கு அதில் இடமில்லை. அதற்குள் டிப்பர் டிரைவர் கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்திருந்தது, அதைச் சிவில் வழக்கில் ஆதாரமாகக் காட்டலாம் என்று வக்கீல் சொன்னார். பின்னால் வந்து இடித்த கேஸ், தீர்ப்பு கையில், வேலையோ சாரத்தில் ஏறுகிற வேலை. யோசித்து, விக்கா மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வழக்குக்குப் போனேன். ஏற்கெனவே வாங்கிய எம்.சி. சம்பளத்தை நஷ்டஈட்டில் கழித்துவிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டுதான் போனேன்.

வழக்கு ஓடும்போது என் வொர்க் பெர்மிட் ரத்தானது, ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்க மட்டும் கொடுக்கிற அனுமதி) இருந்தேன். வேலை செய்ய முடியாது. அம்மா போனில் "வந்துடுப்பா, பணம் போனாப் போகட்டும்" என்று அழுவார். அந்தக் காலத்தில் தங்க இடமும் சாப்பாடும் முதலாளியின் பொறுப்புதான், கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கோர்ட் என்றதும் பயப்படாதீர்கள், சாட்சிக் கூண்டில் ஏறும்படி வரவில்லை. அரசு நீதிமன்றத்தில் சமரசப் பேச்சு என்று ஒரு கட்டம் இருக்கிறது, பெரும்பாலான வாகன விபத்துக் கேஸ்கள் அங்கேயே முடிகின்றன. எதிர்த் தரப்பு முதலில் சொன்ன தொகை விக்கா கணக்கைவிடக் குறைவு. வக்கீல் பே ஸ்லிப்பையும் டாக்டரின் அந்த இரண்டு வரியையும் வைத்துப் பேசினார், கடைசியில் விக்கா கணக்கைவிட நன்றாகவே மேலே வந்து முடிந்தது. தொகையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம்.

தோள்பட்டைத் தம்பி விக்காவிலேயே வாங்கிக்கொண்டு எனக்கு ரொம்ப முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டான். அவன் செய்ததும் சரிதான். கை நன்றாகத் தேறிவிட்டது, ஊனச் சதவீதம் குறைவு, வீட்டில் கல்யாணக் கடன். அவனுக்கு வழக்கு இழுத்துக்கொண்டே போயிருந்தால் நஷ்டம்தான். சைட்டில் தானே கால் தவறி விழுந்தவர், தப்பு யார் மேல் என்று காட்ட முடியாதவர், இவர்களுக்கும் விக்காதான் என்பேன்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். கம்பெனி வண்டியில் இருந்தவர்களுக்கு விக்கா அப்போதும் உண்டு, அதற்கு இடித்தவர் யார் என்று தெரியத் தேவையில்லை. வண்டியைக் கண்டுபிடிக்க முடியாத கேஸுக்கும், இன்சூரன்ஸே இல்லாத வண்டிக்கும் மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, வக்கீல் மூலம் அங்கே விண்ணப்பிக்கலாம். போலீஸ் ரிப்போர்ட் மட்டும் உடனே கொடுத்திருக்க வேண்டும்.