மீட்டர் 25 காட்டினால் மீதி 75 வாட் எங்கே?

அமெச்சூர் ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசைக்குப் புதிதாக வரும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது: "சார், ரிக் (ரேடியோ செட்) 100 வாட்டுனு போட்டிருக்கு. எஸ்.எஸ்.பி.யில (பேச்சை அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) பேசினா வாட் மீட்டர் 25-ஐத் தாண்ட மாட்டேங்குது. ஃபைனல் (கடைசிக் கட்ட பவர் டிரான்சிஸ்டர்) போயிடுச்சா?"

போகவில்லை. டம்மி லோடை (ஏரியலுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் மின்தடை) மாட்டி, மைக்கில் நீளமாக ஒரு விசில் அடித்துப் பாருங்கள்; முள் 100 பக்கம் போய் நிற்கும். விசில் ஒரே சீராக வரும். பேச்சோ எழுத்துக்கு எழுத்து ஏறி இறங்கும், நடுவில் மூச்சும் வாங்குவோம். முள்ளால் அந்த வேகத்துக்கு ஓட முடியாது, சராசரிக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். பேர்ட் 43 என்ற வாட் மீட்டர் கூட, உச்சத்தைப் பிடிக்கும் பீக் கிட் போடாவிட்டால் இப்படித்தான்.

ரிக்கில் எழுதியிருக்கும் 100 வாட் என்பது பி.இ.பி. (பீக் என்வலப் பவர்). அதாவது பேச்சு உச்சத்தைத் தொடும் இடத்தில், ஆர்.எஃப். (ரேடியோ) அலையின் ஒரு சுற்றுக்குக் கணக்கிட்ட பவர். ஆஸிலோஸ்கோப் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 50 ஓம் லோடின் மேல் உச்சிக்கு உச்சி 200 வோல்ட் தெரிந்தால், உச்சம் 100 வோல்ட், ஆர்.எம்.எஸ். (பவர் கணக்குக்கான பயன்மதிப்பு) 70.7. அதை வர்க்கமாக்கி 50-ஆல் வகுத்தால் 100 வாட். (புரோபைப் பார்த்து மாட்டுங்கள். அதன் வோல்டேஜ் வரம்பு அதிர்வெண் ஏற ஏற இறங்கும்.) இதே ரிக்கில் 700, 1900 ஹெர்ட்ஸ் என்று இரண்டு டோன் கொடுத்தால் ஸ்கோப் 100 வாட் பி.இ.பி. என்னும், சராசரி பவரைச் சரியாக அளக்கும் மீட்டர் 50 என்னும். இரண்டும் சரிதான்.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த கட்டத்தில். முள்ளை 100-க்கு ஏற்றியே தீருவேன் என்று மைக் கெய்னைத் திருகுவார்கள். உச்சிகள் தட்டையாகி, பக்கத்து அதிர்வெண்ணில் பேசுகிறவர் காதில் குப்பை விழும். பவர் ஒன்றும் பெரிதாகக் கூடியிருக்காது.

ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு கணக்கும் வேண்டும். சிக்னல் சுத்தமாக வருமா என்பதை பி.இ.பி. தீர்மானிக்கும், ஹீட்சிங்க் தாங்குமா என்பதைச் சராசரி. ஐ.ஆர்.எஃப்.510 டிரான்சிஸ்டர் போட்ட என் புஷ்-புல் ஆம்ப்ளிஃபையர் பெட்டி மாலை முழுக்கப் பேசினாலும் கைச்சூட்டில்தான் இருக்கும். எஃப்.டி.8 (கம்ப்யூட்டர் வழியாகச் செய்தி அனுப்பும் முறை) போட்டால் கதையே வேறு: ஒவ்வொரு முறையும் 12.64 வினாடி, ஏற்ற இறக்கமே இல்லாத முழு பவர். அங்கே பாதிக்கு மேல் நான் போவதில்லை.

அமெரிக்காவில் அமெச்சூர்களுக்கு 1983 வரை ஃபைனல் வால்வின் பிளேட் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி, டி.சி. இன்புட் 1000 வாட் என்றுதான் வரம்பு வைத்திருந்தார்கள். அப்புறம்தான் 1500 வாட் பி.இ.பி. அவுட்புட் ஆனது. பழைய லீனியர் (பவர் ஆம்ப்ளிஃபையர்) விளம்பரங்களில் '2000 வாட் பி.இ.பி.' என்று பார்த்தால் அது பெரும்பாலும் இன்புட், ஏரியலுக்குப் போவது அல்ல.

மீட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பி.இ.பி. சுவிட்ச் இருந்தும் பேட்டரியோ 12 வோல்ட்டோ கேட்காத மாடல் என்றால், உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும். பேச்சில் அது உண்மையான உச்சத்தைவிடக் குறைத்தே காட்டும்.