முட்டைத் தட்டில் பூத்த மாரி

இந்த மாரிக்கு மட்டும் எங்கள் வீட்டில் மூன்று குடை முறிந்தது. மூன்றாவது முறிந்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வாசலில். ஒரு கையில் மரக்கறிப் பை, மற்றக் கையில் குடை, காற்று ஒரு தூக்குத் தூக்க அது அப்படியே மேல்நோக்கி விரிந்து பெரிய கறுப்புப் பூப்போல நின்றது, பக்கத்தில் கீரை விற்ற அம்மா சிரித்தே விட்டார். எறிய மனம் வரவில்லை. கொண்டுவந்து விறாந்தை மூலையில் சாத்தினேன். மற்ற இரண்டும் ஏற்கனவே அங்கேதான் கிடந்தன.

அன்றிரவு ரொறன்ரோவிலிருந்து அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். வாசல் கதவில் மாட்டிய வளையம். பைன் கொப்பு, பைன் காய், நடுவில் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கள். பின்னாலேயே குரல் பதிவு: "எல்லாம் வீட்டுக் குப்பையில செய்தது தெரியுமோ? பூவெல்லாம் டொயிலற் பேப்பர் சுத்தி வாற மட்டை. நீயும் செய்து பார், மழைக்க சும்மாதானே இருக்கிறாய்." சும்மா இருக்கிறேனாம். அதை விடுவோம். அந்த மட்டைக்கு நான் எங்கே போவது? கிணற்றடியும் வாளியுமாக வாழ்கிற வீட்டில் அது வருஷத்துக்கு இரண்டு கிடைத்தாலே பெரிய காரியம்.

ஆனாலும் ஆசை வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. இங்கே விண்டர் இல்லை, மாரிதான். ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவக்காற்று மார்கழி வரைக்கும் வருஷத்து மழையில் பெரும் பங்கைக் கொட்டிவிட்டுப் போகும். முற்றம் முழுக்கப் பச்சை, ஆனால் பூ என்று கையில் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. செவ்வரத்தை விடியப்புறம் விரிந்து பத்து மணிக்குள் நனைந்த கடதாசி மாதிரித் தொங்கும். மிச்சமாய்க் கிடைக்கிற நந்தியாவட்டையை அம்மா சாமித் தட்டுக்கு எடுத்துவிடுவார். மார்கழியில் திருவெம்பாவை பத்து நாளும் கோயிலுக்குப் பூ வேண்டும், அதனால் சந்தையில் ஒரு முழ மாலைக்குச் சொல்லுகிற விலையைக் கேட்டால் கையை எடுத்துவிட்டு வந்துவிடலாம். இருட்டிக்கிடக்கிற அறையில், மேசையில் ஒரு பூச்சாடி நிரம்பியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன், அவ்வளவுதான்.

சரி, டொயிலற் மட்டைக்குப் பதிலாக முட்டைத் தட்டு. 30 முட்டை வைக்கிற அந்தச் சாம்பல் தட்டுகள் எங்கள் குசினி மேல்தட்டில் குவிந்து கிடக்கும், ஏன் சேர்க்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டியதைப் பார்த்து, குழிகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் நாலு இதழ் நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றை வைத்துப் பசையால் ஒட்டி, தண்ணீர் வர்ணம் பூசினேன். பார்க்க நல்ல வடிவு. இரண்டு நாள் எல்லாரிடமும் காட்டினேன். மூன்றாம் நாள் இதழெல்லாம் தொய்ந்து கீழே பார்த்தது. ஐந்தாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. பச்சைப் பூஞ்சணம், நான் பூசிய பச்சையை விட நல்ல பச்சை!

இதில் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய குளிர்காலம் வேறு. அங்கே வெளிக்காற்று உறைநிலைக்குக் கீழே, அந்தக் குளிரில் காற்றுக்குள் நீராவி மிகக் கொஞ்சம்தான் தங்கும். அதே காற்றை வீட்டுக்குள் சூடாக்கினால் அது இன்னும் காய்ந்துபோகும், அக்கா முதல் வருஷம் போனபோது உதடு வெடித்தது, கை வெடித்தது என்று அழுததும் அதனால்தான். மட்டையில் செய்த பூ அப்படிப்பட்ட வீட்டில் வருஷக்கணக்காக இருக்கும். எங்கள் வீட்டில் மாரிக்கு உப்புப் போத்தலே தண்ணீர் விடுகிறது. நெருப்புப்பெட்டி உரசினால் மருந்துதான் உதிரும். இங்கே கடதாசிப் பூ என்பது தண்ணீரை உறிஞ்சக் காத்திருக்கும் ஒரு பஞ்சு.

ஆகவே மெழுகு.

மழைக்குக் கரண்ட் போகிற ஊரில் மெழுகுதிரிக் கட்டைகளுக்குப் பஞ்சமில்லை, அலுமாரி லாச்சி முழுக்க விரல்கடை நீளத் துண்டுகள். அவற்றை ஒரு பழைய பால்பேணியில் போட்டு, பேணியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி, அடுப்பில் வைத்தேன். பேணியை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. மெழுகு 60 பாகை அளவிலேயே உருகிவிடும், அதற்குக் கொதிதண்ணீர்ச் சூடு தாராளம். நேர் நெருப்பில் வைத்தால் அளவில்லாமல் சூடேறித் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. உருகியதும் பூவின் காம்பைப் பிடித்துத் தலைகீழாக ஒரு முக்கு, ஒரு உதறு, உடனே வாழையிலையில் வைத்துவிட வேண்டும். அந்தச் சாம்பல் மட்டை மெழுகைக் குடித்து ஒரு நொடியில் கறுத்து, பிறகு ஆற ஆற மேலே மங்கலாக ஒரு பனிப்படலம் விழும். மார்கழி விடியலில் முற்றத்துக் கொடிக்கம்பியில் பார்ப்போமே, அதே மங்கல். அதற்கு மேல் வர்ணமே தேவையில்லை. கையில் எடுத்தால் மெல்லிய ஓடு மாதிரி இருக்கும், தண்ணீர் விட்டால் உருண்டு ஓடும். முக்க முதல் மட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், உள்ளே ஈரம் இருந்தால் மெழுகு அதை உள்ளேயே பூட்டிவைத்துப் பூஞ்சணத்துக்குப் பாய் விரித்துக் கொடுக்கும். நான் அடுப்புக்கு மேலே சுளகில் பரப்பி ஒரு இரவு விட்டேன்.

அம்மா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "உது என்ன பிள்ளை, குசினியோ கம்மாலையோ?"

மெழுகு தேவைப்படாத ஒன்றும் இருக்கிறது, வெங்காயக் கோது. சின்ன வெங்காயம் உரித்து முடிய முறத்தில் மிஞ்சுகிற அந்த ஊதாச் செம்மைத் தோலை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், நரம்பு ஓடுகிற நிஜ இதழ். இவ்வளவு நாளும் அதைக் குப்பைக்குள் தட்டினேனே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெளித்தோல்தான் நல்லது, உள்ளே போகப்போக ஈரம். ஈர்க்கு நுனியில் சின்னப் பஞ்சு உருண்டை, அதைச் சுற்றி உள்ளி (வெள்ளைப்பூடு) தோல் இரண்டு மூன்று, அதற்கு வெளியே வெங்காயக் கோது ஆறேழு, ஒவ்வொன்றாக வைத்து அடியில் தையல் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பசை வேண்டாம். கோது காய்ந்து உடைகிறது என்றால் ஈரத்துணிக்குள் அரை மணி நேரம் சுற்றி வையுங்கள், வளைந்து கொடுக்கும். எனக்கு ஒரு பூவுக்கு இருபது நிமிஷம் போனது. வேலை கூடுதல், ஆனால் நான் செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது வேறெதுவாகவும் நடிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் வெங்காயம் என்றே தெரியும். ஒரேயொரு குறை, மின்விசிறியைப் போட்டால் வீடு முழுக்க இதழ் பறக்கும்.

பழைய கலியாணக் காட், வருஷம் முடிந்த நாட்காட்டித் தாள் எல்லாவற்றையும் முயன்றேன். காட்டில் இருக்கிற மினுக்கு உதிர்ந்து சோற்றுக்குள் வருகிறது. விட்டுவிட்டேன்.

நிறத்தின் கதை தனி. பீற்றூட் சாறு முதல் நாள் அபாரம், ஒரு கிழமையில் பழுப்பு. வெங்காயக் கோதை அவித்த தண்ணீரில் கொஞ்சம் படிகாரம் போட்டால் துணிக்குப் பொன்மஞ்சள் வரும், அது நிற்கிறது. மஞ்சள்தூள் யன்னல் வெயிலில் வெளிறும், ஆனால் எங்கள் மார்கழியில் வெயில் எங்கே என்று அதையே எடுத்தேன். அப்பாவின் கிழிந்த வேட்டித் துண்டை மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்து இதழாக வெட்டியாகிவிட்டது. ஓரத்துக்கு வெள்ளைக் கரை வைத்தால் வடிவாக இருக்குமே என்று அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்து சுண்ணாம்பைத் தொட்டுப் பூசினேன். பூசிய இடமெல்லாம் இரத்தச் சிவப்பு! துணி கெட்டுவிட்டது என்று பதறிப்போய்க் கூப்பிட, அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா வேற என்ன நிறம் வரும்? நீ ஒரு நாளும் ஆலாத்தி கரைக்கேல்லையோ?"

எத்தனை கலியாணத்துக்கு ஆலாத்தித் தட்டு தூக்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ஆனால் அந்தத் துண்டை மேசையில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் பார்த்தேன், அடி மஞ்சள், நுனி சிவப்பு, அது கார்த்திகைப்பூ. எங்கள் பின்வேலியில் மழை தொடங்கினதும் கிழங்கிலிருந்து கொடி கிளம்பி, இலை நுனியாலேயே கிளுவங்கதியாலைப் பற்றிப் பிடித்து ஏறிப் பூக்கும். ஆறு இதழ், ஓரம் நெளிநெளியாய், எல்லாம் மேல்நோக்கி மடிந்து நெருப்புச் சுவாலை மாதிரி. கிழங்கு கொடிய நஞ்சு என்பதால் பிள்ளைகளைக் கிட்டவிட மாட்டோம். துணியில் செய்தால் அந்தப் பயமும் இல்லை. ஆறு ஆறாக வெட்டி, நுனியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தொட்டு, காய்ந்ததும் மெழுகில் முக்கி, மெழுகு இளஞ்சூடாக இருக்கும்போதே இதழை விரலால் மேலே மடித்துப் பிடித்தேன். ஆறியதும் அப்படியே நின்றது. சுண்ணாம்புச் சிவப்பு நாள்போகக் கொஞ்சம் மண்நிறத்துக்குத் திரும்புகிறது, மெழுகு பூசாததில் அது இன்னும் விரைவாக நடந்தது. நிஜப் பூவும் வாடும்போது நிறம் மாறத்தானே செய்கிறது.

பிளாஸ்ரிக்கைப் பற்றியும் சொல்லவேண்டும், கேட்பீர்கள். சோடாப் போத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஐந்து மடிப்போடு ஒரு பூ. வாயு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நேராக நிற்பதற்காக அப்படி வார்க்கிறார்கள், இதழ் வடிவம் என்றுதான் ஆங்கிலத்தில் அதற்குப் பெயரும். வெட்டி எடுத்து ஓரத்தை மெழுகுதிரியில் காட்டினால் சுருண்டு வரும், யன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், புகை நல்லதில்லை. மழைக்கு அசையாது. ஆனாலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்ரிக் பூமாலைகளை இலங்கையில் தடைசெய்திருக்கிறார்கள், ஒருமுறை பாவித்து எறிகிற கரண்டி, தட்டு, உறிஞ்சிகளோடு சேர்த்து. கிடக்கிற போத்தலை வெட்டுவது அந்தக் கணக்கில் வராதுதான். ஆனால் வெட்டுகிறபோது விழுகிற துணுக்கெல்லாம் முற்றத்து வெள்ளத்தோடு எங்கே போகும் என்று யோசித்து இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் குடை. மூன்று குடையிலும் முறியாத கம்பிகளைக் கழற்றி வளைத்துக் கட்டியதில் ஒரு நல்ல வளையம் வந்தது. குடைச்சீலை தண்ணீர் பிடிக்காது என்பதால் அதிலேயே இலை வெட்டினேன், கறுப்பு இலை. பன்னாடையைக் கிழித்து இடையிடையே செருகினேன், அதன் பின்னல் யாரும் நெய்து தரமுடியாத பின்னல். பைன் காய்க்கு என்ன செய்வது? காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு யார் போனாலும் சவுக்குக் காய் பொறுக்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம், ஏன் என்று அதற்கும் தெரியாது. ஒரு பால்மாப் பேணி நிறைய இருந்தது. சுண்டுவிரல் நுனியளவுப் பைன் காய் மாதிரியே இருக்கும், ஆனால் சவுக்குக்கும் பைனுக்கும் உறவே இல்லை, ஊசியிலை என்று நாம் நினைப்பதும் இலை இல்லை, மெல்லிய பச்சைக் கிளைதான். அந்தக் காய்களையும் மெழுகுப் பூக்களையும் கம்பியில் கட்டி, கேற்றில் மாட்டினேன். நல்ல மழைக்கும் அசையாமல் நின்றது. படம் எடுத்து அனுப்ப, அக்காவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி: "கறுப்பு இலையோ?"

எதிர்வீட்டு அன்ரி மட்டும் கேற்றடியில் நின்று நெடுநேரம் பார்த்தார். "நத்தாருக்கு எங்கட பாலன் குடிலுக்கும் ஒண்டு கட்டித் தாங்கோ பிள்ளை, ஆனா கறுப்பு வேண்டாம்." அவருக்குப் பழைய பனையோலைக் கடகம் ஒன்றைப் பிரித்து அந்த ஓலையில் இலை செய்தேன், நடுவில் வெங்காயக் கோதுப் பூ. கொட்டிலுக்கு மேலே நட்சத்திரத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். கேக் ஒரு தட்டு வந்தது.

தைப்பொங்கலன்று விடிய நாலரைக்கு முற்றத்தில் கோலம் போட்டு அடுப்பு வைத்தாயிற்று. முதல் நாள் பெய்த மழையில் விறகு, பொச்சு, கொக்கறை எல்லாம் நமுத்துப்போய் வெறும் புகை. அம்மா ஊதுகிறார், இருமுகிறார், கற்பூரம் மூன்று போட்டும் பிடிக்கவில்லை, பானையில் பால் அப்படியே கிடக்கிறது. திடீரென்று எழுந்தார். நேரே கேற்றடிக்குப் போனார். என் வளையத்தில் இருந்து இரண்டு முட்டைத் தட்டுப் பூவை முறித்துக்கொண்டு வந்து விறகுக்கு அடியில் செருகிப் பற்றவைத்தார். மட்டையும் மெழுகும் அல்லவா, நின்று எரிந்தது. கொக்கறை பிடித்து, விறகும் மெல்லப் பிடித்தது.

நான் வாயைப் பிளந்து நிற்க, அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடிப்போய் இன்னும் ரண்டு பூப் புடுங்கிக்கொண்டு வா."