பிள்ளைகளே அடுக்கிய ஆவர்த்தன அட்டவணை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். என் தொழில் வேறு. இது விருப்பத்துக்குச் செய்வது. இந்தத் தவணைக்கு, மூலகங்களை வரிசைப்படுத்திக் காட்டும் ஆவர்த்தன அட்டவணையை எடுத்துக்கொண்டேன். இதுவரை செய்ததைக் குறித்து வைக்கிறேன், இதே வயதுப் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு உதவட்டும்.

முழு அட்டவணையை முதல் நாளே காட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தேன். 118 கட்டமும் நிரம்பிய படத்தைப் பார்த்தால், பாடமாக்குவதைத் தவிரப் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை. ரஷ்ய இரசாயனவியலாளர் மெண்டலீவ் 1869 இல் அடுக்கியபோது அவர் கையில் இருந்தவை 63 மூலகங்கள்தான். இடையிடையே வெற்றிடம் விட்டுத்தான் அவரும் அடுக்கினார். பிள்ளைகளும் அப்படியே தொடங்கட்டும் என்று நினைத்தேன்.

பழைய கலண்டர் மட்டையை வெட்டி 16 அட்டைகள் செய்தேன். இலித்தியத்திலிருந்து புளோரின் வரை ஏழு, சோடியத்திலிருந்து குளோரின் வரை ஏழு, அப்புறம் பொற்றாசியமும் கல்சியமும். பெயரே எழுதவில்லை. அணுத்திணிவு, பார்க்க எப்படி இருக்கும், ஓர் அணு எத்தனை ஐதரசன் அணுக்களோடு சேரும், இந்த மூன்று மட்டும். ஐதரசனுக்கும், மற்ற மூலகங்களோடு எளிதில் சேராத ஈலியம் போன்ற விழுமிய வாயுக்களுக்கும் அட்டை போடவில்லை. ஐதரசனை எந்த நிரலில் வைப்பது என்று பெரிய இரசாயனவியலாளர்களே வாதாடுகிறார்கள். விழுமிய வாயுக்களுக்கோ 1869 இல் அட்டவணையில் இடமே இருக்கவில்லை.

திணிவு ஏறும் வரிசையில் வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். நீளமாகத் தரையில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, "அண்ணே, 1, 2, 3, 4, 3, 2, 1ன்னு போய் மறுபடியும் 1, 2, 3ன்னு வருது" என்றாள். இதற்காகத்தான் அட்டை செய்தேன். எண்கள் திரும்பும் இடத்தில் வரிசையை உடைத்து அடுத்ததைக் கீழே வைக்கச் சொன்னதும், திணிவு 7, 23, 39 உள்ள மூன்று அட்டைகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக விழுந்தன. மூன்றும் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகங்கள். மூன்றும் தண்ணீரோடு தாக்கம் புரியும், கீழே போகப்போகக் கடுமையாக. ஆவர்த்தனம் என்றால் என்னவென்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வகுப்பில் சிலிக்கன் அட்டையை எடுத்து ஒளித்துவிட்டு அடுக்கச் சொன்னேன். 27 க்கும் 31 க்கும் நடுவில் கணக்கு இடித்தது. சிலர் 31 ஐ இழுத்து ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். அப்படிச் செய்தால் நைதரசனுக்குக் கீழே வரவேண்டியது காபனுக்குக் கீழே போய்விடும். கடைசியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டார்கள். அங்கே வரப்போகும் மூலகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நான்கு ஐதரசனோடு சேரும், திணிவு 29 இருக்கும் என்றார்கள். அட்டையை எடுத்துக் காட்டினேன். நான்கு சரி, திணிவு 28. கூச்சல் அடங்க நேரம் எடுத்தது.

அந்தச் சூட்டோடு கல்லியத்தின் கதையைச் சொன்னேன். அலுமினியத்துக்குக் கீழே ஒரு மூலகம் வரும், அதன் அடர்த்தி 5.9 இருக்கும் என்று மெண்டலீவ் முன்பே சொல்லிவிட்டார். 1875 இல் லெக்கோக் தெ புவாபோத்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டுபிடித்து அளந்தார். வந்தது 4.7. அந்த உலோகத்தைக் கண்ணால்கூடக் காணாத மெண்டலீவ், நன்றாகச் சுத்தம் செய்து திரும்ப அளக்கச் சொன்னார். அளந்தபோது 5.9 வந்தது. 30 பாகைக்குச் சற்றுக் கீழேயே உருகும் உலோகம் அது. உள்ளங்கையில் வைத்தால் உருகும், எங்கள் ஊர்க் குளிரில் மேசையில் வைத்தால் திண்மமாகவே கிடக்கும். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

பிறகு விழுமிய வாயுக்களைக் கொண்டுவந்தேன். 1894 இல் ரேலியும் ராம்சேயும் ஆகனைக் கண்டறிந்ததைச் சொல்லி அட்டையை நீட்டினேன். திணிவு 40. பொற்றாசியத்துக்கு 39. திணிவுப்படி வைத்தால் ஆகன் சோடியத்துக்குக் கீழே வந்துவிடும், எதனோடும் சேராத வாயு தண்ணீரில் பற்றியெரியும் உலோகங்களோடு நிற்கும். குணத்தைப் பார்ப்பதா, திணிவைப் பார்ப்பதா என்று இரண்டு கட்சியாகி வாதாடினார்கள். நன்றாக வாதாட விட்டேன். மோஸ்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1913 இல் எக்ஸ் கதிர்களை வைத்து அணுவெண்ணை, அதாவது அணுக்கருவில் உள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையை, நிலைநாட்டியதை அதன் பிறகுதான் சொன்னேன். 18, 19 என்று இலக்கம் போட்டதும் வழக்கு தீர்ந்தது. அணுவெண்ணை இந்த இடத்தில் அறிமுகம் செய்வதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். தேவை வந்த பிறகு வந்ததால் அது மனதில் நின்றது.

இப்போது சுவரில் பெரிய அட்டவணை ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டங்களுக்குள் ஒட்டுவதற்குப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்தே பொருள் கொண்டுவருகிறார்கள். உறையை உரிக்காத செம்புக் கம்பி வேண்டாம் என்றேன், ஒருவன் வீட்டில் கிடந்த வயரை உரித்துப் பளபளப்பாகக் கொண்டுவந்தான். தேயிலை அடைக்கும் பையின் உட்புறத் தாளில் இருந்து அலுமினியம் வந்தது. பென்சில் கரி காபன் கட்டத்தில். நம் நாட்டு போகல சுரங்கத்தில் எடுப்பதும் அதே காபன்தான் என்றேன்.

உரப்பைகள்தான் நல்ல சிக்கலைக் கிளப்பின. "யூரியா வெள்ளையா உருண்டை உருண்டையா இருக்கு, நைதரசன் வாயுன்னு சொன்னீங்களே?" என்று ஒருவன் கேட்டான். மூலகத்துக்கும், மூலகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாகும் சேர்வைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேச இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். அதனால் மூலகமாகவே கிடைத்தவற்றுக்கு முழு எல்லை, சேர்வையாகக் கிடைத்தவற்றுக்குப் புள்ளிக்கோடு என்று வைத்தோம். எப்பாவலப் பொஸ்பேற்றுக்குப் பொஸ்பரசு, பொட்டாசு உரத்துக்குப் பொற்றாசியம், கவ்வாத்து வெட்டும் காலத்தில் போடும் டொலமைட்டுக்குக் கல்சியமும் மகனீசியமும், கொழுந்துக்கு அடிக்கும் சிங்க் சல்பேட்டுக்கு நாகம். உரத்தைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் இறுக்கி ஒட்டியே தொங்கவிட்டோம், கை படக்கூடாது.

90 ஆம் கட்டத்தில் பொருள் இல்லை, ஒரு பெயர் இருக்கிறது. தோரியம் நிறைந்த தோரியனைற் கனிமத்தை 1904 இல் இலங்கையில் கண்டறிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காக அவரைக் கொண்டாடுகிறோம், அதற்கு முன் அவர் இந்த மலைகளில் கல் தேடி நடந்த புவியியலாளர் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மீதி இருப்பது நடுப்பகுதி. கல்சியத்துக்குப் பிறகு 1, 2, 3, 4 கணக்கு குழம்பும். இரும்பும் செம்பும் நாகமும் எங்கள் எட்டு நிரலுக்குள் அடங்காது. அடுத்த வகுப்பில் அந்த அட்டைகளைக் கொடுத்து இடம் தேடவிட்டு, அவர்கள் தடுமாறும்போது கல்சியத்துக்கு வலப்புறமாக அட்டவணையைக் கத்தரித்து விரித்து, பத்துக் கட்டங்களை இடையில் செருகப் போகிறோம். சுவரில் அதற்கு இடம் போதாது. ஜன்னல் பக்கச் சுவருக்கு மாற்றுவதற்கு ஆணிகளைக் கேட்டு வைத்திருக்கிறேன்.